‘வலிக்குதா?’ ‘இல்ல மிஸ்!’: நடனப் போட்டிகள் மறைக்கும் காயங்கள்

நடனப் போட்டி நடக்கும் மண்டபத்தின் மேக்கப் அறைக்குள் நுழைந்தால் இரண்டு வாசனைகள் வரும். ஒன்று மல்லிகைப்பூ, இன்னொன்று வலி நிவாரண ஸ்ப்ரே. சலங்கைக்கு மேலே முட்டியில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மேடையேறும் பிள்ளையைப் பார்த்து, “என்ன ஒரு டெடிகேஷன்!” என்று மெச்சுகிறார்கள்.

சிக்கலே அங்கேதான். வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு வலித்தால் தொடரிலிருந்து ஓய்வு கொடுக்கிறார்கள். நடனமாடுபவருக்கு வலித்தால், “ஆட ஆட சரியாயிடும்” என்கிறார்கள்.

வலி எங்கிருந்து வருகிறது?

நடனக் காயங்களில் பெரும்பாலானவை விழுந்து அடிபட்டு வருவதில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் சிறுகச் சிறுகச் சேர்பவை.

பரதநாட்டியத்தின் அரைமண்டியில் தொடைகள் இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். எவ்வளவு திரும்பும் என்பது எலும்பின் அமைப்பைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். இடுப்பு திரும்பாத மீதியைப் பாதத்தைத் திருப்பிச் சமாளித்தால், நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. அதே நிலையில் தட்டடவை நூற்றுக்கணக்கான தடவை தட்டும்போது முட்டி, முன்னங்கால் எலும்பு, குதிகால் எல்லாமே அடி வாங்குகின்றன.

தரைக்கும் இதில் பங்கு உண்டு. பாலே அரங்குகளில் மரத்தளத்தின் அடியில் இடைவெளி விட்டு, அதிர்ச்சியை உள்வாங்கும்படி அமைப்பார்கள். இங்கே பல இடங்களில் கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸில்தான் வெறுங்காலோடு பயிற்சி.

போட்டி வந்தால் என்ன ஆகிறது?

தேதி அறிவித்ததும் பயிற்சி நேரம் திடீரென்று இரண்டு மடங்காகிறது. எலும்பும் தசைநாரும் அந்த வேகத்துக்குப் பழகுவதில்லை. நுழைவுக் கட்டணம், காஸ்ட்யூம், ஆசிரியரின் பெயர் என்று எல்லாம் பணயத்தில் இருக்கும்போது, “கால் வலிக்குது” என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை.

ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பது இன்னொரு ஆபத்து. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் மாதவிடாய் தடைபடலாம்; எலும்பு பலவீனமாகி நுண்முறிவு வரை போகலாம். விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் இந்த ஆற்றல் பற்றாக்குறை குறித்து சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே எச்சரித்தது. நடனமாடும் உடலுக்கும் அது பொருந்தும்.

சட்டம் இருக்கிறதா?

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை டிவி நிகழ்ச்சி, சினிமா போன்றவற்றில் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் நடக்கும் ஒத்திகைக்கு இந்தக் கடிகாரம் ஓடுவதில்லை.

எது சாதாரண வலி, எது காயம்?

புதுப் பயிற்சிக்குப் பிறகு வரும் தசை வலி பொதுவாகச் சில நாட்களில் தானாகவே குறையும். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலி, வீக்கம், ராத்திரியிலும் விடாத வலி, நொண்டி நடப்பது - இதில் எது இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை போட்டு மேடையேறினால் வலி தெரியாது, காயம் பெரிதாகும்.

யார் மாற வேண்டும்?

முதலில் போட்டி நடத்துபவர்கள். காயத்தால் விலகுபவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது அடுத்த போட்டியில் இடம் தரலாம். வார்ம்-அப் செய்ய இடமும் முதலுதவி தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும்.

அடுத்து ஆசிரியர்கள். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டி, வாரம் ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும். கால் தேறும் வரை உட்கார்ந்தபடியே அபிநயம், தாளம், ஜதி சொல்லிக்கொடுக்கலாம், கற்பது நிற்காது.

“நம்ம காலத்துல இதெல்லாம் பார்த்தோமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் முட்டி போய் ஆட்டத்தை விட்டவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டால் மட்டும் போதாது. “ஆமா மிஸ்” என்று சொல்லும் பிள்ளை, அதனாலேயே வாய்ப்பை இழக்கக் கூடாது. அந்த உறுதி கிடைக்கும்வரை பதில் “இல்ல மிஸ்” என்றுதான் வரும்.