ஐபோன் படத்தை ஏற்காத ஆன்லைன் படிவங்கள்: ஹெச்.டி.ஆர் போட்டோவை ஜேபெக் ஆக்கும்போது என்ன போகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றை போனில் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உலையிலிருந்து வரும் இரும்பு கண்ணைக் கூசும். பின்னால் ஷெட் முழுக்க இருட்டு. பழைய போனாக இருந்தால் இரும்பு வெறும் வெள்ளைத் திட்டாகும், இல்லையென்றால் ஷெட் கறுத்துப்போகும். இன்றைய போன் அப்படி விடாது. ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, வெளிச்சம், இருட்டு இரண்டையும் காப்பாற்றி ஒன்றாக்கிக் கொடுக்கும். இதுதான் ஹெச்.டி.ஆர்.

அதே ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், அதே போனில் எடுத்த தன் போட்டோவை வேலை விண்ணப்பத்தில் ஏற்றப் போனால் சிக்கல் தொடங்குகிறது. ஐபோன் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை ஹெச்.இ.ஐ.சி என்ற ஃபார்மட்டில் சேமிக்கிறது. இடம் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான படிவங்கள் கேட்பது 1992-ல் தரநிலையான ஜேபெக். ஐ.பி.பி.எஸ் வங்கித் தேர்வுக்கு போட்டோ 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு இது தெரியவந்தால் கஷ்டம்தான்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஏ.பி தேர்வுகள் ஆன்லைனில் நடந்தபோது, விடைத்தாளை ஐபோனில் படம் எடுத்த மாணவர்கள் பலரால் அதை ஏற்ற முடியவில்லை. காரணம் இதே ஹெச்.இ.ஐ.சி. எழுதி முடித்த தேர்வை அவர்கள் ஜூனில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஃபைல் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் படம் மாறிவிடாது என்பதும் அப்போது சிலருக்குப் பட்டுத் தெரிந்தது.

சரி, மாற்றும்போது என்ன போகிறது? ஐபோனின் ஹெச்.டி.ஆர் ஃபைலுக்குள் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று சாதாரணப் படம். இன்னொன்று, எந்த இடம் எவ்வளவு கூடுதலாக ஒளிர வேண்டும் என்ற குறிப்பு. இதை கெயின் மேப் என்கிறார்கள். பல கன்வெர்ட்டர்கள் இந்தக் குறிப்பை விட்டுவிட்டு சாதாரணப் படத்தை மட்டும் எடுக்கும். உலையின் தகதகப்பு அடங்கிப்போகும். 2023-ல் ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்த அல்ட்ரா ஹெச்.டி.ஆர், அந்தக் குறிப்பை ஜேபெக்குக்குள்ளேயே வைக்கிறது. பழைய போனிலும் படம் திறக்கும், புதிய திரையில் ஒளிரவும் செய்யும்.

பாஸ்போர்ட் சைஸ் முகத்துக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. உண்மையில் முகத்தைக் கெடுப்பது 50 கே.பி.க்குள் நசுக்குவதுதான். அதனால் முதலில் கிராப், பிறகு சைஸ் குறைப்பு. ஆனால் மெஷின் பழுது, விபத்து, இன்சூரன்ஸ் க்ளெய்ம் போன்றவற்றுக்கு எடுத்த படமென்றால் ஒரிஜினலை அழிக்கவே கூடாது. மாற்றுவது காப்பியை மட்டும்.

ஐபோனில் படத்தை ஃபைல்ஸ் ஆப்பில் சேமித்து, அழுத்திப் பிடித்து, க்விக் ஆக்‌ஷன்ஸில் கன்வெர்ட் இமேஜ் கொடுத்தால் போதும் (ஐஓஎஸ் 16 முதல்). இனி எடுப்பதெல்லாம் ஜேபெக்காகவே வர, செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள். பெயர் தெரியாத இலவச கன்வெர்ட்டர் தளத்தில் ஆதார், கையெழுத்துப் படங்களை ஏற்ற வேண்டாம்.

இத்தனையையும் விண்ணப்பதாரர் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில்தான் ஐபோன்கள் தயாராகின்றன. அந்த போனில் எடுத்த படத்தை வாங்கி, சர்வரிலேயே ஜேபெக்காக மாற்றிக்கொள்ள இலவச மென்பொருள்கள் எப்போதோ வந்துவிட்டன. படிவம் வடிவமைப்பவர்கள் ஒருமுறை செய்தால் தீர்ந்துபோகும் வேலையை, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.