விடுப்பு எடுக்கட்டும், நாற்காலி காலியாக வேண்டாம்

அரசு அலுவலக விடுமுறை என்றாலே நம் கடைத்தெருவில் கோபம் வந்துவிடுகிறது. "ஞாயிற்றுக்கிழமையும் நாம் தராசு பிடிக்கிறோம், அவர்களுக்கு மட்டும் சனி, ஞாயிறு இரண்டும் லீவா?" என்று கேட்காத வியாபாரி இல்லை. நாமும் கேட்டவர்கள்தான்.

தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஈட்டிய விடுப்பு 30 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். அலுவலகம் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை, வாரத்தில் ஐந்து நாள். கொரோனா காலத்தில், 2020இல், சனிக்கிழமையும் திறந்தார்கள். 2021 ஜனவரியில் பழையபடி ஐந்து நாளாயிற்று.

இந்த விடுப்பைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. மாதச் சம்பளம் வாங்கி நம் கடைக்கு வருபவர்கள் அவர்கள். ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் வசதி 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அதற்குள் பற்று நோட்டு எவ்வளவு நீண்டது என்பதை மளிகைக் கடைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தவிர, 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டப்படி ஓராண்டு வேலை செய்த நம் பையனுக்கும் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை உண்டு. நம்மில் எத்தனை பேர் கொடுக்கிறோம்? அதைச் செய்யாமல் பிறரைக் குறை சொல்ல வாய் கூசுகிறது.

நம் வழக்கு வேறு. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டித் தராசை வண்டியில் ஏற்றி இரண்டு முறை அலைந்தோம். முதல் நாள் அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் அதிகாரி இருந்தார், ரசீது போடும் எழுத்தர் பத்து நாள் லீவு. ரசீதுப் புத்தகம் அவர் மேஜைக்குள், சாவி அவர் வீட்டில்! இதற்குள் கெடு முடிந்தது. அடுத்த வாரம் சோதனைக்கு வந்தவர்கள் முத்திரை இல்லை என்று அபராதம் எழுதினார்கள். இரண்டு நாள் எடை போடாமல் போன வியாபாரம் தனி.

மண்டியில் கணக்குப்பிள்ளை ஊருக்குப் போனால் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்த வழக்கம் 1933ஆம் ஆண்டு பெயரில் இன்றும் நடக்கும் விடுப்பு விதிகளிலும் ஏறட்டும். விடுப்பு ஆணையிலேயே அந்த மேஜையை யார் பார்ப்பார் என்று எழுதி, அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். முத்திரை, உரிமம், வரி வாங்கும் மேஜைகளை மட்டும் சனிக்கிழமை மதியம் வரை முறைவைத்துத் திறக்கலாம். அன்று வருபவருக்கு வார நாளில் ஈடுவிடுப்பு கொடுத்துவிடலாம். இதில் யாருக்கும் ஒரு நாள்கூடக் குறையாது.

எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை முறை அலைந்தீர்கள் என்று அங்கத்தினர்கள் ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். தேதி இல்லாத புகாரைக் கொண்டுபோய் ஆட்சியர் முன் வைக்க முடியாது.