கார்பன் துணியும் பம்பும் போதுமா?

பைக்குக்கு ஃபேரிங், சீட் கவுல், மட்கார்டு எல்லாம் சொந்தமாகச் செய்ய இறங்குகிறவர்கள் தவறாமல் கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: “கண்ணாடி இழையெல்லாம் பழைய கதை. கார்பன் துணி வாங்கு, வாக்குவம் பம்ப் வாங்கு, இன்ஃப்யூஷன் போடு. கம்பெனி பார்ட் மாதிரியே வரும்.” (இன்ஃப்யூஷன் என்றால், மோல்டில் விரித்த துணியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, பம்பால் காற்றை இழுத்து, ரெசினை உள்ளே பாய விடுவது.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பிக் காசைக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கார்பன் என்றாலே எடை குறையும் என்கிறார்கள். சதுர மீட்டருக்கு 400 கிராம் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கார்பன், பிரஷ்ஷும் ரோலரும் வைத்துக் கையால் செய்கிறீர்கள், பார்ட்டின் கன அளவில் இழையின் பங்கு 35 சதவீதம். எபாக்ஸியோடு சேர்த்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 875 கிராம் வரும். அதே 400 கிராமில் சாதாரண கிளாஸ் துணியை ஒழுங்காக இன்ஃப்யூஷன் செய்து இழையின் பங்கை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 580 கிராம்தான். பார்ட்டைக் கனமாக்குவது பெரும்பாலும் நாம் அள்ளி ஊற்றும் ரெசின்.

பலம்? விறைப்பில் கார்பன் இழை கிளாஸைப் போல மூன்று மடங்கு என்பது உண்மை. ஆனால் சாதாரணக் கார்பன் இழை ஒன்றரை சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும். கிளாஸ் இழை நான்கு சதவீதத்துக்கு மேலும் தாங்கும். கீழே விழுந்து தேய்வதற்கென்றே இருக்கும் ஃபேரிங்குக்கு எது தேவை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். விறைப்பு எல்லா இடத்திலும் வரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மோட்டோஜிபியில் டுகாட்டி 2009-இல் கார்பன் ஃபைபர் சட்டத்தோடு இறங்கியது. கேசி ஸ்டோனர் அதில் பந்தயங்களையும் வென்றார். ஆனாலும் முன்சக்கரத்தின் உணர்வே கைக்கு வரவில்லை என்ற புகார் ஓயவில்லை. 2012 சீசனுக்கு அலுமினியச் சட்டத்துக்கு மாறிவிட்டார்கள்.

அடுத்து பம்ப். பையை அழுத்துவது காற்றுமண்டலம். பம்ப் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் அழுத்தம் கிடைக்காது. ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் பம்பே இதற்குப் போதும். வேலையைக் கெடுப்பது கசிவு. பை மடிந்து சுருங்கும் மூலை, குழாய் உள்ளே நுழையும் இடம், சீலன்ட் டேப்பின் இரு முனைகள் சேரும் இடம் என மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் காற்று நுழைந்துவிடும். ரெசினில் வெள்ளைக் கோடாகக் குமிழிகள் ஓடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. குழாயைக் கிளாம்ப் போட்டு அடைத்து, அரை மணி நேரம் கேஜ் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். உள்வளைவுகளில் பை அடிவரை இறங்கும்படி தாராளமாக மடிப்பு விடவும் வேண்டும். பை அங்கே அந்தரத்தில் நின்றால் அந்த மூலை முழுக்க வெறும் ரெசின். முதல் விரிசல் அங்கேதான் விழும்.

“மோல்டு சுமாராக இருந்தால் என்ன, பிறகு பட்டி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்” என்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. துண்டு துண்டான கிளாஸ் இழைகளை ஒட்டிச் செய்த சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டை ஒரே நாளில் அடுக்கடுக்காகப் போட்டு எடுத்த பாலியஸ்டர் மோல்டு சூடேறிச் சுருங்கிக் கோணிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்று. கையால் செய்யும் பார்ட்டுக்கு அது குறையே இல்லை. ஆனால் வாக்குவம் போட்டதும் அந்த மோல்டின் முதுகுப்பக்கத்திலிருந்தே காற்று கசியும். எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் நிற்காது. சுற்றிலும் நாலு அங்குலமாவது விளிம்பு விடாத மோல்டில் டேப்பும் ரெசினைப் பரப்பும் ஸ்பைரல் குழாயும் உட்கார இடமிருக்காது. மோல்டுக்கு வாங்கி மிச்சமான மேட்டை எபாக்ஸி பார்ட்டில் போடுவதும் வீண். அதன் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பைண்டர் பொதுவாகப் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது.

நம் ஊர் வெயிலையும் யாரும் சொல்வதில்லை. ரெசின் இறுகத் தொடங்கும் வரை கிடைக்கும் நேரம் என்று டேட்டா ஷீட்டில் உள்ளது 25 டிகிரிக்கானது. 35 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். ரெசின் பாதி வழியிலேயே இறுகத் தொடங்கும். சூடேற்றிப் பதப்படுத்தாத எபாக்ஸி 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்பு ஃபேரிங்குக்கு அது பெரிய சூடில்லை.

பட்டறையில் முடியாது என்று சொல்ல வரவில்லை. நியூசிலாந்தின் ஜான் பிரிட்டன் சிறு குழுவோடு வி1000 பைக்குக்குச் சக்கரம் வரை கார்பனில் செய்து காட்டினார். செய்ய நினைப்பவர்கள் முதல் காசை மோல்டில் போடுங்கள். முதல் பார்ட்டைக் கிளாஸ் துணியில் எடுங்கள். கிளாம்ப் போட்டபின் முள் அசைந்தால் ரெசினைக் கலக்காதீர்கள்.