செத்த மொழியைப் படித்து என்ன கிடைக்கும்?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 4 நாளாக ஒரே வாக்குவாதம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பெண் ஒருத்தி, நன்றாகப் படிக்கிறவள், பல்கலைக்கழகத்தில் 'கிளாசிக்ஸ்' படிக்கப் போகிறேன் என்கிறாள். அதாவது பழைய கிரேக்கமும் லத்தீனும், அந்த மக்களின் வரலாறும் தத்துவமும். "டாக்டருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை செத்த மொழி படிக்கிறதா? பெரியம்மா, நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று அவள் அப்பா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். அவளுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. பெரியவர்களுக்குச் சொல்லத்தான் கொஞ்சம் இருக்கிறது. என்னிடம் படித்த பலர் இப்போது பிள்ளை பெற்றவர்கள் என்பதால், அவளிடம் கேட்டுக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன படிப்பு? ஆக்ஸ்ஃபோர்டில் இது 4 வருடம். மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், தொல்லியல், மொழியியல் எல்லாம் ஒரே பட்டத்துக்குள் வருகிறது. பள்ளியில் லத்தீனோ கிரேக்கமோ படிக்காத பிள்ளைகளும் சேரலாம். அங்கே அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தருகிறார்கள். கேம்பிரிட்ஜில் லத்தீன் தெரிந்தவர்களுக்கு 3 வருடம். தெரியாதவர்களுக்கு முன்னால் ஒரு வருடம் கூடுதல்.

இலக்கணம் நடத்திய டீச்சராக ஒன்று சொல்கிறேன். "நாய் மனிதனைக் கடித்தது." இந்தச் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் கடித்தது நாய்தான். இரண்டாம் வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான்! லத்தீனும் கிரேக்கமும் இதில் நம் கட்சி. ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் பார்த்துத்தான் யார், யாரை, எப்போது என்று கண்டுபிடிக்க வேண்டும். குத்துமதிப்பாக எழுத முடியாது. 4 வருடம் இப்படிப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ கொடுத்தால் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாது.

சரி, அந்த நூல்களில் என்ன இருக்கிறது? கி.மு. 430-இல் ஏதென்ஸ் நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. துசிடிடீஸ் என்ற வரலாற்றாசிரியருக்கும் அது வந்து, பிழைத்தார். நோயாளிகளிடம் போன மருத்துவர்களே அதிகம் செத்தார்கள், இறந்தவர்களுக்கு முறையான சடங்கு செய்ய முடியவில்லை, நாளைக்கு இருப்போமா என்று தெரியாததால் ஜனங்களுக்குச் சட்டத்தின் மேலும் சாமியின் மேலும் பயம் போய்விட்டது என்றெல்லாம் எழுதிவைத்தார். கொரோனாவைப் பார்த்த நமக்கு இது செத்த விஷயமா?

அடுத்தது வேலை. குழுவில் கம்ப்யூட்டர் படித்த எல்லாருக்கும் 'குவிக்சார்ட்' தெரிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்த டோனி ஹோர் 1934-இல் கொழும்பில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வாங்கிய பட்டம் இதே கிளாசிக்ஸும் தத்துவமும்தான். 1980-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது பெற்றார். உங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங், எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சோடு இதையும் படித்தவர். படித்த எல்லாரும் இவர்களைப் போல ஆவார்கள் என்று சொல்லவில்லை. இந்தப் படிப்பு வேறு கதவுகளை அடைத்துவிடாது என்கிறேன், அவ்வளவுதான். அந்த நாட்டில் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் மேற்கொண்டு படித்து வழக்கறிஞராகலாம்.

என் தம்பி மகன் கேட்டதுதான் சரியான கேள்வி: "அத்தை, இது துரைமார் படிப்பு இல்லையா?" ஆமாம், அப்படித்தான் இருந்தது. 1855-இல் நம்மை ஆள அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க லண்டனில் நடத்திய தேர்வில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் ஆளுக்கு 375. யாருக்காகப் போட்ட கணக்கு என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் இன்னொருவரையும் பாருங்கள். வில்லியம் ஸ்கார்பரோ 1852-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே அங்கே குற்றம். ரகசியமாகப் படித்தார். 1881-இல் கிரேக்க மொழிக்குப் பாடநூல் எழுதினார். பின்னாளில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கறுப்பினத்தவருக்கு இதெல்லாம் ஏறாது என்று பேசியவர்களுக்கு அந்தப் புத்தகமே பதில். 'அது உனக்கானது இல்லை' என்று ஊரார் ஒரு காலத்தில் சொன்னதை, இன்று நாமே நம் பெண்ணிடம் சொல்லலாமா?

நம் கதையும் அந்த மொழியில் கொஞ்சம் கிடக்கிறது. ஆஸ்திரியா நாட்டு வியன்னா நூலகத்தில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இருக்கிறது. 1985-இல்தான் பதிப்பித்தார்கள். ஒரு பக்கம், முசிறிக்குப் போய்வரும் வணிகத்துக்கான கடன் பத்திரம். மறுபக்கம், 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போனதாக அகநானூறு சொல்கிறதே, அதே முசிறி. அகநானூற்றைப் படிக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. அந்தக் கிரேக்க ஏட்டையும் படித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மில் எத்தனை பேர்?

ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கிருந்து நிலத்தை விற்று, வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டி ஒரு பிள்ளை இதைப் படிக்கப் போவதாக இருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுத மாட்டேன். இவள் அந்த நாட்டுப் பெண். கட்டணத்துக்கு அரசுக் கடன் உண்டு. வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும். அவள் அப்பாவின் கவலை நியாயமானது. ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் நடுவில் விண்ணப்பம் முடிந்துவிடும். அதற்குள் அவள் அப்பா ஒரு காரியம் செய்யட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை ஓரமாக வைத்துவிட்டு, "உனக்கு இதில் என்ன பிடித்திருக்கிறது?" என்று அவளிடமே கேட்டு, குறுக்கே பேசாமல் கேட்கட்டும். 4 நாளாக நாம் இத்தனை பேர் பேசினோம். அவளை இன்னும் யாரும் கேட்கவில்லை.

உங்கள் கருத்தை எழுதுங்கள். மாறுபட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்