நீச்சல் பாடம்: யார் பொறுப்பு?

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஸ்ரீவராகம் பகுதிக்குப் பெயர் தந்தது அங்குள்ள வராகமூர்த்தி ஆலயம். ஆலயத்தையொட்டிப் பரந்து கிடக்கும் தீர்த்தக் குளம், கேரளத்தின் பெரிய கோயில் குளங்களுள் ஒன்று. ஒரு காலத்தில் இத்தகைய குளங்களே சிறுவர்களின் நீச்சல் பள்ளிகளாக இருந்தன. முற்றிய தேங்காய்கள் இரண்டைக் கயிற்றில் பிணைத்து மிதவையாக்கி, தந்தையோ தாய்மாமனோ உடன் நிற்க, குழந்தை நீந்தப் பழகியது. தமிழகத்துக் கிராமக் கிணறுகளில் சுரைக்குடுக்கை செய்த வேலையும் இதுதான்.

அந்த வழக்கம் இன்று அருகிவிட்டது. போதாக்குறைக்கு, மூளையைத் தாக்கும் அமீபா நோய் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் கேரளத்தை உலுக்கியது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் மாணவர் ஒருவருக்கு இந்நோய் கண்டதையடுத்து ஆக்குளத்தில் உள்ள நீச்சல் குளம் மூடப்பட்டது. பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால், குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதிருப்பது தீர்வாகாது. 44 நதிகள் ஓடும் மாநிலத்தில் அது நடக்கக்கூடியதும் அல்ல.

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் சுமார் 38 ஆயிரம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. அதாவது, நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2022 ஜூனில் கடலூர் மாவட்டம் கெடிலம் ஆற்றில் 7 பெண்கள் மாண்டனர். 2023 பிப்ரவரியில், விளையாட்டுப் போட்டிக்காகச் சென்ற புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேரை மாயனூரில் காவிரி கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் இரங்கல் செய்தியும் நிவாரணத் தொகையும் வருகின்றன. நீச்சல் பாடம் மட்டும் வருவதில்லை.

இதற்குக் காரணம், இது யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இல்லாததே. அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் விளையாட்டும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கான தேசிய வழிகாட்டு நெறியை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. ஆனால், பள்ளிக்கூடத்தின் சாவி அந்த அமைச்சகத்திடம் இல்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுக்காகத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.5 ஆயிரமும், நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10 ஆயிரமும் வகுக்கப்பட்டன. இத்தொகையில் பந்தும் வலையும் வாங்கலாம். நீச்சல் பயிற்சியாளருக்கு ஊதியம் தர இயலாது.

பணமில்லை என்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்க வேண்டும். அங்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, ஆழத்தை வரையறுத்து, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக்கிக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தனர். பயிற்சி பெற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு காட்டியது. 6 முதல் 10 வயது வரையிலான 3.6 லட்சம் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திட்டத்துக்கு 2022-இல் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது.

கற்பிக்கும் முறையும் முக்கியம். குழந்தையைத் தண்ணீரில் தள்ளிவிட்டால் தானே நீந்திவிடும் என்ற பழைய நம்பிக்கை ஆபத்தானது. அது பயத்தையே வளர்க்கும். மார்பளவு நீரில் முகம் நனைத்து மூச்சு விடுதல், மல்லாந்து மிதத்தல், கரையை எட்டிப் பிடித்தல், அதன் பிறகே கை வீசி நீந்துதல் என்பதே சரியான வரிசை. மூழ்குபவரைக் காக்கத் தானும் குதிக்காமல், கயிறோ கழியோ வேட்டியோ நீட்டிக் கூக்குரலிட வேண்டும் என்பதும் அதே பாடத்தின் பகுதி. கெடிலத்தில் ஒருவரைக் காக்க மற்றவர் இறங்கியதே சாவு ஏழாகக் காரணம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ நீச்சலைவிடப் பெரியவர்களின் காவலே முதல் தேவை. நீந்தத் தெரிந்த குழந்தையையும் தனியே விடலாகாது.

அமீபாவுக்கும் வழி உண்டு. அது மூக்கின் வழியாக நீர் ஏறும்போதே மூளையைச் சென்றடைகிறது. நீரைக் குடிப்பதால் அல்ல. உரிய அளவில் குளோரின் கலந்து பராமரிக்கப்படும் தொட்டியில் பயிற்சி தொடங்கலாம். தேங்கிக் கிடக்கும் நீரைத் தவிர்க்கலாம். குளங்களைத் தூர்வாரி, நீரைச் சோதிப்பது உள்ளாட்சிகளின் கடமை.

சர்வதேச நீச்சல் வளாகம் ஒன்று 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பிரப்பன்கோட்டில் கட்டப்பட்டது. பதக்கத்துக்குக் குளம் கட்ட முடிந்த நாட்டில், உயிருக்கு ஒரு தொட்டி கட்ட முடியாதா? கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் தமிழக, கேரள எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்ப வேண்டிய கேள்வி இது. ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு குழந்தையும் 25 மீட்டர் நீந்தவும், சிறிது நேரம் மிதக்கவும் கற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வகுத்து, அதற்கெனத் தனி நிதி ஒதுக்கினால் போதும். ஸ்ரீவராகம் குளக்கரையில் பிள்ளையின் கையை இறுகப் பற்றி நிற்கும் தாய்க்கு நாடாளுமன்றம் தரவேண்டிய பதில் அதுவே.