நாற்பதைத் தாண்டி முதல் டயட்: மெட்டபாலிசம்தான் குற்றவாளியா?

"ராத்திரிக்கு எனக்குச் சோறு வேணாம்மா. டயட்ல இருக்கேன்."

உங்கள் வீட்டிலும் இந்தக் குரல் கேட்டிருக்கலாம். இருபது வயதில் நள்ளிரவு பரோட்டா சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாத அப்பா, 46 வயதில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக உணவைக் குறைக்கத் தொடங்குகிறார். எடை ஏன் கூடியது என்று கேட்டால் பதில் தயார்: "வயசாயிடுச்சுல்ல, மெட்டபாலிசம் ஸ்லோ ஆயிடுச்சு."

அந்தப் பதில் எந்த அளவுக்குச் சரி? சரியில்லை என்றால் அவருடைய முதல் டயட் எப்படி இருக்கவேண்டும்?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

சிங்கப்பூரில் உடற்பருமன் கூடிவருகிறது. சுகாதார அமைச்சின் தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, 2019-2020இல் 10.5 விழுக்காடாக இருந்த உடற்பருமன் விகிதம் 2023-2024இல் 12.7 விழுக்காட்டை எட்டியது.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. 2019-2020 ஆய்வில் இந்தியர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது சுமார் 8 விழுக்காடு. தாத்தா, பாட்டி, பெரியப்பா என்று எண்ணிப் பார்த்தால், சர்க்கரை மாத்திரை இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது.

2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. அதனால் பலர் முதன்முதலில் தங்கள் சர்க்கரை, கொழுப்பு அளவுகளைப் பார்ப்பதே அந்த வயதில்தான். முதல் டயட்டும் பெரும்பாலும் அன்றிரவே தொடங்கிவிடுகிறது.

நாற்பதில் மெட்டபாலிசம் குறைகிறதா?

மெட்டபாலிசம், அதாவது வளர்சிதை மாற்றம் என்பது உடல் உணவைச் சக்தியாக மாற்றிச் செலவிடும் வேலை. நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் ஆகியவை சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

2021 ஆகஸ்ட்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் அதிகமானோரின் தரவுகள் அதில் இருந்தன. பிறந்து 8 நாளே ஆன குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை இடம்பெற்றனர். விசேஷமாகத் தயாரித்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அது உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு அன்றாடம் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கணக்கிட்டார்கள்.

முடிவு பலரை வியக்கவைத்தது. உடலின் அளவையும் அமைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வயதுவரை மெட்டபாலிசம் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கிறது. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 விழுக்காடு குறையத் தொடங்குகிறது.

ஆக, 46 வயது அப்பாவின் உடல் இயந்திரம் திடீரென்று மந்தமாகிவிடவில்லை.

அப்படியென்றால் எடை ஏன் கூடுகிறது?

மெதுவாகக் கூடுவதால் நமக்குத் தெரிவதில்லை. 25 வயதில் 65 கிலோ இருந்தவருக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ மட்டுமே கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 வயதில் அவர் எடை 75 கிலோ. அந்த 20 ஆண்டில் "நான் அதிகமாச் சாப்பிடுறேன்" என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது.

உணவைவிட வாழ்க்கை அதிகம் மாறியிருக்கும். தேசிய சேவையில் ஓடியவர் அலுவலக நாற்காலிக்கு வருகிறார். ரிசர்விஸ்ட் முடிகிறது, ஐபிபிடி நிற்கிறது. பிள்ளைகள், வேலை, பெற்றோரைக் கவனிப்பது என்று தூக்கம் குறைகிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது.

இன்னொன்று, தசை. 30 வயதுக்குப் பிறகு, பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 விழுக்காடு தசை குறையலாம் என்பது பொதுவான மதிப்பீடு. "ஸ்லோ ஆயிடுச்சு" என்று அப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றால் அது இங்கேதான். தசை குறைந்தால் செலவாகும் சக்தியும் ஓரளவு குறையும்.

ஆனால் அந்த ஓரளவைப் பெரிதுபடுத்தவும் கூடாது. ஓய்வாக இருக்கும்போது ஒரு கிலோ தசை ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 13 கலோரிதான். தசையின் பெரிய பயன் வேறு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் சேமித்துவைக்கும் மிகப் பெரிய கிடங்கு அது. கிடங்கு சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். நீரிழிவு பரம்பரையாக வரும் குடும்பத்தில் அதுதான் கவலை.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?"

2004இல் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றுதான்: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு.

தெற்காசியர்களிடம் அடிக்கடி காணப்படும் உடல்வாகு இது. கை, கால் ஒல்லியாக இருக்கும். தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். சட்டை போட்டால் வெளியே தெரியாது.

அதனால்தான் சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுவதாகக் கருதப்படுகிறது. 27.5 என்றால் அதிக அபாயம். அனைத்துலக அளவில் வழக்கமாகச் சொல்லப்படும் 25, 30 எனும் எல்லைகளைவிட இவை குறைவு. எடை இயந்திரம் காட்டாததை அளவுநாடா காட்டும். ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தொட்டால் கவனம் தேவை. பேண்ட் அளவை வைத்துக் கணக்கிடாதீர்கள், பலர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபடி அளக்கவேண்டும்.

முதல் டயட்டில் எங்கே தவறுகிறார்கள்?

முதல் தவறு, பட்டினி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டியாக வந்த 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியில் பங்கேற்ற 14 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 30 வாரத்தில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தால், சுமார் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வுநிலையில் அவர்கள் உடல் செலவழித்த சக்தியோ, அவர்களுடைய உடல் அளவுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. வயது செய்யாத வேலையை அவசர டயட் செய்துவிட்டது. இது ஓர் உச்சக்கட்ட உதாரணம்தான். ஆனாலும், வேகமாகக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது என்ற பாடம் எல்லாருக்கும் பொருந்தும்.

இரண்டாவது தவறு நம் வீட்டுக்கே உரியது: சோற்றை விட்டுவிட்டு டிபனுக்கு மாறுவது. "நான் ராத்திரி சோறே தொடுறதில்ல, மூணு தோசைதான்" என்பார்கள். தோசையும் இட்டிலியும் அரிசிதான். சப்பாத்தி மூன்றோ நான்கோ ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். தட்டில் பெயர் மாறுகிறது, கணக்கு மாறுவதில்லை.

மூன்றாவது, கடிகாரத்தை மட்டும் நம்புவது. 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' இப்போது பிரபலம். சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எல்லாரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு குழு மட்டும் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் சாப்பிட்டது. அந்தக் குழு சராசரியாக 8 கிலோவும் மற்றது 6.3 கிலோவும் குறைத்தன. புள்ளிவிவர ரீதியில் அது பெரிய வித்தியாசமில்லை என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். உங்களுக்கு வசதி என்றால் செய்யலாம். ஆனால் மாயம் எதுவும் அதில் இல்லை.

நான்காவது, குடிப்பதைக் கணக்கில் சேர்க்காதது. மதியம் சாலட், மூன்று மணிக்குத் தே தாரிக். கடையில் "கோசோங்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சீனி போய்விடும். ஒரேயடியாக முடியாவிட்டால் "சியூ டாய்" என்று தொடங்கலாம். குளிர்பானம் வாங்கினால் 'நியூட்ரி-கிரேட்' குறியீட்டைப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சர்க்கரை இருந்தால் அது 'டி' தரம்.

எது பலன் தரும்?

சென்னையில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லவேண்டும். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களின் சராசரி வயது சுமார் 46. அதாவது நம் கதையின் அப்பா வயது. உணவையும் நடையையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து ஆலோசனை பெற்ற குழுவில், மூன்று ஆண்டில் 39 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. அப்படி ஆலோசனை பெறாத குழுவில் 55 விழுக்காட்டினருக்கு வந்தது. 2006இல் வெளியான இந்த முடிவில் கவனிக்கவேண்டியது என்ன தெரியுமா? ஆலோசனை பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. அப்படியும் பலன் கிடைத்தது.

"ரெண்டு மாசமா ட்ரை பண்றேன், ஒரு கிலோகூட இறங்கல" என்று அப்பா சலித்துக்கொள்ளும் நாளில் இந்த ஆய்வு ஞாபகம் இருக்கட்டும். எடை இயந்திரத்தைப் பார்த்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

தட்டுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைப்பது இது: பாதித் தட்டு காய்கறி, பழம். கால்வாசி புரதம். கால்வாசி முழுதானியம். நம் சாப்பாட்டில் பெரும்பாலும் குறைவது புரதம். தண்ணியான சாம்பாரைப் பருப்பு என்று கணக்கில் எழுத முடியாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, தயிர் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கவேண்டும். சைவம் என்றால் தௌக்வா, தெம்பே இரண்டும் எந்தப் பேரங்காடியிலும் மலிவாகக் கிடைக்கும்.

சோற்றை அடியோடு விடவேண்டியதில்லை. காயையும் புரதத்தையும் முதலில் போட்டு, மிஞ்சிய இடத்தில் சோறு வைத்தாலே அளவு தானாகக் குறையும்.

அடுத்து உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கின்றன சிங்கப்பூரின் வழிகாட்டிக் குறிப்புகள். நம்மவர்கள் நடப்பார்கள், ஆனால் இரண்டாவதைச் செய்வதில்லை. ஜிம்முக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், வீட்டுக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலை, எல்லாம் கணக்கில் சேரும்.

டயட்டுக்கு முன் மருத்துவரைப் பார்க்கவேண்டியவர்கள் யார்?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாக உணவைச் சட்டென்று குறைக்கக்கூடாது. சில மருந்துகளோடு பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகக் கோளாற்றுக்கோ சிகிச்சை பெறுபவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசுவது நல்லது. முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். அதையும் பரிசோதிக்கவேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"அப்பா, தொப்பையைப் பாரு" என்று கிண்டல் செய்வது சுலபம். அது யாரையும் நடக்கவைத்ததில்லை. ஒரு வாரம் மாலையில் அவரோடு இறங்கி நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சமையுங்கள். அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். டயட்டில் இருப்பவர் அப்பா மட்டும்தான் என்றால், அவருக்குத் தனிச் சமையல் என்ற சுமையும் அம்மா தலையில்தான் விழும்.

உங்களுக்கு இப்போது 24 வயது என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அப்பாவுக்கு 46 வயதில் தெரிந்த அந்த 10 கிலோ ஏறத் தொடங்கியது உங்கள் வயதில்தான். இன்றிரவு அளவுநாடாவை எடுத்தால் அவர் இடுப்பை மட்டுமல்ல, உங்கள் இடுப்பையும் சேர்த்தே அளந்துவிடுங்கள்.