கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைபேசி

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில் உள்ள பாலவனத்தத்தைத் தமிழுலகம் பாண்டித்துரைத் தேவரின் ஜமீனாக அறியும். 1901இல் அவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கம், தனக்கென அச்சுக்கூடமும் 'செந்தமிழ்' இதழும் வைத்துக்கொண்டது. ஏட்டில் இருப்பது எவ்வளவு உயர்ந்ததாயினும், அன்றைய மக்களிடம் அதைக் கொண்டுசேர்க்க அச்சு தேவைப்பட்டது.

இவ்வட்டாரத்தில் முப்பது நாற்பது ஆண்டுகளாக ஜவுளியும் மளிகையும் தையலும் நடத்திவரும் நம் பெரியவர்கள், "தேடி வருகிறவர் வருவார்" என்கிறார்கள். உண்மைதான், வந்தார்கள். ஆனால் அந்த வாடிக்கையாளரின் பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது தெருவில் அல்ல, கைபேசியில்.

இதற்கு உதவ முன்வரும் நம் இளைஞர்கள், எடுத்த எடுப்பிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இறங்கிவிடுகிறார்கள். அறுபது வயதுக் கடைக்காரரைப் பாட்டுக்குத் தலையசைக்க வைப்பது விளம்பரமன்று. முதல் வேலை, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது. அதற்குக் கட்டணம் இல்லை. பெயர், இடம், தொலைபேசி எண், ஜும்ஆவுக்காகக் கடை அடைக்கும் நேரம் ஆகியவை பிழையின்றி இருந்தால் போதும். அடுத்தது, 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ். அதிலுள்ள பொருள் பட்டியலில் படமும் விலையும் சேர்க்கலாம். விலையை மறைத்து "தனியே கேளுங்கள்" என்று எழுதும் வழக்கம் நமக்கு உடன்பாடில்லை. கடையில் கேட்டவுடன் சொல்லும் விலையைக் கைபேசியில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? இவ்விரண்டும் ஒழுங்காக நடந்த பிறகு இன்ஸ்டாகிராமைப் பற்றிப் பேசலாம்.

படங்களில் ஒரு கவனம் தேவை. கடைக்கு வரும் பெண்களை அவர்கள் அறியாமல் படமெடுத்துப் பதிவது கூடவே கூடாது. சேலையைத் தாங்கியில் விரித்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்தாலே அதன் நிறம் நன்றாகத் தெரியும். வெளுத்த நிறத்தைப் பளிச்சென்று காட்டும் வசதியைத் தொடவே வேண்டாம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்து மக்கள் காணச் செய்யாததேன் என்று வியாபாரியைக் கேட்ட ஹதீஸை நாம் அறிவோம். தொலைவில் இருந்து வாங்குபவரால் குவியலுக்குள் கைவிட முடியாது. ஆகவே குறையைக் காட்டும் பொறுப்பு முழுவதும் விற்பவர் மீதே விழுகிறது.

காசு கொடுத்து நட்சத்திரங்களும் பின்தொடர்வோரும் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்கள் சிற்றூர்களையும் எட்டிவிட்டார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் நஜ்ஷ் நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டிருக்கிறது. வாங்காதவர் எழுதும் பொய்ப் பாராட்டு அதன் உடன்பிறப்புத்தான். இணைய விமர்சனங்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனமே 2022இல் ஒரு தரநெறி வெளியிட வேண்டிய அளவுக்கு இந்நோய் பரவியிருக்கிறது.

இன்னொன்று: இவையெல்லாம் பிறருடைய இடங்கள். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதையே நம்பியிருந்தவர்களின் பார்வையாளர்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போனார்கள். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. ஆகவே வாடிக்கையாளர்களின் எண்களை அவர்கள் சம்மதத்துடன் ஒரு பேரேட்டிலும் குறித்து வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டிய பாடமன்று. பற்று வரவு எழுதிய கை அது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மாதத்துக்கு நான்கைந்து கடைகளைத் தொடங்கி வைத்துவிடலாம். கணக்கு மட்டும் கடைக்காரரின் சொந்த எண்ணிலேயே திறக்கப்பட வேண்டும். கடவுச்சொல்லும் அவர் கையில் இருக்க வேண்டும். தொடங்கித் தந்த தம்பிக்கு நாளை ரியாத்துக்கு விசா வந்துவிடும். அவரோடு கடையின் கணக்கும் விமானம் ஏறிவிடக் கூடாது.